பட்டியலில் இரண்டு பேராக இருந்த அக்கா

எங்கள் அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். உடன்பிறப்பு நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அலுப்போடுதான் எழுதுகிறேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். என் அலுப்பை அறுபது வருஷத்துக்கு மேல் பார்த்தவர்.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். தேர்வு எழுதி, மத்திய அரசில் கிளார்க் வேலை கிடைத்து, இருபத்தொரு வயதில் தில்லிக்கு ரயிலேறினார். இந்தி ஒரு சொல் தெரியாது. அதே அமைச்சகத்தில் இருந்த அத்தானை மணந்து ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியேறினார். மகளுக்கு ஒன்பது வயதாகும்போது அத்தான் மாரடைப்பில் இறந்தார். அழுது முடிக்கக்கூட அக்காவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அலுவலகம் போய்விட்டார்.

அவர்கள் குடியிருந்த செக்டாரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனமகிழ் மன்றம். எல்லோருக்கும் அது கிளப். இரண்டு அறை, மூன்று கேரம் போர்டு, கால் ஆடும் டேபிள் டென்னிஸ் மேசை, நாலு மொழிச் செய்தித்தாள். மகளைக் கேரம் ஆடக் கூட்டிப்போன அக்கா, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதை விடவில்லை. திறப்பது, கூட்டுவது, சண்டை தீர்ப்பது, பூட்டுவது எல்லாம் உறுப்பினர்களே முறை வைத்துச் செய்ய வேண்டும். அக்காவின் முறை செவ்வாய்க்கிழமை.

மன்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நூறு உறுப்பினருக்குக் குறைந்தால் இடத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு வருஷம் செயலாளர் பொறுப்பு அக்காவிடம் வந்தது. பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். மொத்தம் நூற்றைந்து பேர். ஆனால் தமிழர்கள் பலர் அதில் இரண்டு முறை இருந்தார்கள். அலுவலகப் பட்டியலில் நமக்கெல்லாம் முன்னால் அப்பாவின் முதலெழுத்து. வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலோ, வடக்கத்தி வழக்கப்படி அப்பா பெயரோ கணவர் பெயரோ பின்னால் வாலாக ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தட்டச்சு செய்த இந்திக்காரருக்கு அது ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? இப்படிப் பதினொரு பேர், அக்காவையும் சேர்த்து. கழித்தால் தொண்ணூற்று நாலுதான்.

"அடிச்சா கிளப்பு போயிரும். அடிக்கலன்னா நான் பொய்க் கையெழுத்துல்லா போடுதேன்" என்று, அதே தில்லியில் அரசு வேலையில் இருந்த என்னிடம் வந்து சொன்னார். அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷி. "நமக்கென்ன, விட்டுத்தள்ளு" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மற்ற பத்துப் பேரையும் கூட்டினார். "ரெண்டு பேருன்னு எழுதியிருக்கு. அப்போ ரெண்டு பேரு வேலையப் பாப்போம். புதுசா ஒரு ஆளச் சேத்துட்டு, ஒரு பேர அடிச்சிக்கிடுங்க" என்றார். கையெழுத்து பொய்தான், அக்கா ஒருநாளும் அதை மறுத்ததில்லை. ஆனால் பத்துப் பேரும் தலையாட்டினார்கள். 'டபுள் டியூட்டி' என்று அதற்குப் பெயரும் வந்தது. அக்காவுக்குச் செவ்வாயோடு வெள்ளியும் சேர்ந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். தனியாக இருந்த பஞ்சாபிப் பெரியவர் ஒருவர், வீட்டில் டிவியைத் தவிர யாரும் தன்னோடு பேசுவதில்லை என்று சொல்லிச் சேர்ந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை முறையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் இப்படி மாங்கு மாங்கென்று உழைத்தார்கள்? சேவை மனப்பான்மை என்று மேடையில் சொல்லலாம். நான் பார்த்த வரையில் பாதிப் பேர் வெட்கப்பட்டு வந்தார்கள், மீதிப் பேர் வீட்டில் இருக்க முடியாமல் வந்தார்கள். வந்த பிறகு விட முடியவில்லை.

மூன்று வருஷத்தில் மற்ற பத்துப் பேரின் இரட்டைப் பெயரும் போய்விட்டது. நூறு தாண்டிவிட்டதால் அக்காவும் தன் பெயரில் ஒன்றை அடித்திருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா எழுத்த அடிக்கதா, அவுக பேர அடிக்கதா? நீயே சொல்லு" என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டார். இரண்டும் அப்படியே இருந்தன, வெள்ளிக்கிழமையும் இருந்தது.

ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் மகள் குர்காவுனுக்குக் கூப்பிட்டாள். அக்கா முனிர்காவில் இரண்டாம் மாடியில் ஓர் அறை பிடித்தார், கிளப் பக்கம் என்பதற்காக. முட்டி தேய்ந்த பிறகு, லோதி ரோட்டிலிருந்து நான் போய்த்தான் கைபிடித்து மாடி இறக்குவேன். "யாருக்காக இந்தப் பாடு?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். "நாலு பேரு வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க. அது எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதாம்ல" என்றார். அன்று கத்தியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

சிறுநீரகம் பழுதாகி நாலு மாதம் படுத்திருந்தார். அந்த நாட்களில் ரத்தம் கொடுத்த முனிர்கா மாணவர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த, எல்லோரும் பாபிஜி என்று கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவுக்கும், வாடகை நினைவே காட்டாத வீட்டுக்காரருக்கும், தோள் கொடுத்த கிளப் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்கா மகளுக்கு நான் நன்றி சொல்வது முறையில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

போன மாதம் கிளப்பில் பட்டியலைப் புதுப்பித்தார்கள். பழைய குவார்ட்டர்ஸை இடிக்கிறார்கள், பலர் போய்விட்டார்கள். அக்காவின் இரண்டு பெயரையும் சேர்த்து நூற்றொன்று இருந்தது. இப்போதைய செயலாளர் என் கையைப் பிடித்து, "பாயிசாப், ஏக் நாம் ரஹனே தோ" என்றார். ஒரு பெயராவது இருக்கட்டுமே என்கிறார். நான் இரண்டையும் அடித்தேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் யாரும் சேரலாம் என்பதால், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நான், அடியில் அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரை எழுதினேன். சரியாக நூறு.

ஒரு முறைதான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் திறந்துவிடுவேன். அறுபத்தெட்டு வயதில் அதற்கு மேல் முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.