ஹாஜியாரின் கதிரைக்கு நேரே

யாராவது றிஷானாவோடு கதைக்கத் தொடங்கினால் அவள் அரையடி நகர்வாள். முதலில் இடது கால் சற்றே பின்னுக்குப் போகும். வலது கால் தானாக வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். சன்னல் தன் முதுகுக்குப் பின்னால் வந்து, அதன் வெளிச்சம் எதிரில் நிற்பவரின் கன்னத்தில் விழும்வரைக்கும் இந்த நகர்வு நடக்கும். கன்னத்தில் வெளிச்சம் விழுந்த பிறகுதான் அவள் காது கொடுப்பாள். மீன்காரரிடம் விலை கேட்கும்போதும் இதே கதைதான். சைக்கிள் பெட்டியையும் அவரையும் அரைவட்டம் சுற்றவைத்து, வெயில் அவர் முகத்துக்கு வந்ததும்தான் "பாரை என்ன விலை?" என்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள், "இந்தப் புள்ள என்ன, நிண்ட இடத்தில நிக்குதில்லையே" என்று முணுமுணுப்பார்கள். ஓட்டோ ஓட்டுகிற அவளது கணவன் அப்ராஸ் மட்டும், "சண்டை பிடிக்கிறதெண்டாலும் வெளிச்சம் பார்த்துத்தான் பிடிப்பா" என்று சிரிப்பான்.

கலியாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் அவள் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போய், ஒரு ஸ்டூடியோவில் அல்பம் ஒட்டினாள். கலியாண அல்பங்கள்தான் அதிகம். ஊர் ஆட்களின் அல்பம் வந்தால் அதில் பந்தல் இருக்கும், மாப்பிள்ளை இருப்பார், சாப்பாட்டு சஹன் தட்டுகள் இருக்கும், தொப்பி போட்ட தலைகள் வரிசை வரிசையாக இருக்கும். கலியாணப் பொம்பிளை இருக்கமாட்டாள். பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் ஒருவன் கமராவோடு போக ஏலாது. அதனால் அங்கே நடந்த சிரிப்பும் குரவையும் மருதோண்டிக் கைகளும் நடந்த இடத்திலேயே முடிந்துபோகும். ஒட்டி முடித்த ஒவ்வொரு அல்பமும் றிஷானாவுக்குப் பாதி வீட்டைப் போலத் தெரிந்தது. முன் விறாந்தை இருக்கிறது, உள்வீடு இல்லை.

கத்தாரில் இருந்த அவளது அண்ணன் முனாப் காக்கா பழைய வீடியோக் கமரா ஒன்றை அனுப்பிவைத்தபோது, போனில் ஒரு சொல்லும் சேர்த்தே அனுப்பினான். "ஒரு கலியாணம் எடுத்துப் பாரு தங்கச்சி. நாலு பேர் நல்லாச் சொன்னா வெச்சுக்கொள். இல்லாட்டி அதை வித்திட்டு ஒரு தையல் மெசினை வாங்கிப் போடு."

அந்த ஒரு கலியாணம் உம்மு குல்சும் மாமியின் வீட்டில் கிடைத்தது. மகள் பஹ்மியாவின் கலியாணம். பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பது அந்தத் தெருவில் அதற்கு முன் நடந்ததில்லை. மாமியின் கணவர் ஸஹாப்தீன் ஹாஜியாரின் தங்கை அசனா எதிர்த்து நின்றார். "மச்சி, படம் கை மாறினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். உம்மு குல்சும் அசையவில்லை. "பொம்பிளைப் புள்ளதானே எடுக்கப்போறா. டிஸ்க் ஒண்டு, அதும் என்ர அலுமாரிக்குள்ள" என்று முடித்துவிட்டார். கை பழகுவதற்காகப் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டியைத் தான் எடுத்த விதம் அவருக்குப் பிடித்திருக்கவேண்டும் என்று றிஷானா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் ஒரு கிழமை அவள் நடை கொஞ்சம் மிதப்பாகவே இருந்தது.

கலியாணம் நடந்தது. படமும் எடுத்து, வெட்டி ஒட்டி, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்குமுன் தன் வீட்டுச் சின்ன டிவிப் பெட்டியில் போட்டுப் பார்த்தபோது பஹ்மியாவின் முகம் நனைத்துத் துடைத்த வெற்றிலை போல மினுங்கியது. நிம்மதியாக உறங்கினாள்.

மறுநாள் மத்தியானமே ஆள் வந்தது. "மாமி கூப்பிடுறா. இப்பவே வரட்டாம்."

ஹாஜியார் வீட்டு டிவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது. குவைத்தில் சாரதியாக இருந்தவர், ஊருக்குத் திரும்பும்போது அவரது முதலாளி வீட்டில் கழித்த பெட்டியைக் கப்பலில் போட்டு வந்தார். அப்போது பாலம் இல்லை. "பாதை" என்று ஊரார் சொல்லும் மிதவையில் அதை ஏற்றியபோது, கூட வந்தவர்கள் அலுமாரி என்றுதான் நினைத்தார்கள். கை விரித்த அகலம், ஆளுயரத்தில் முக்கால், பின்னால் ஒரு புடைப்பு. ஊருக்குள் அதற்கு "அலுமாரி டிவி" என்றே பெயர் விழுந்தது. மாரி வெள்ளத்துக்குப் பயந்து ஹாஜியார் வீட்டுக் கூடமான சாலைக்குள் ஒரு சீமெந்துத் திட்டுக் கட்டி அதன்மேல் ஏற்றிவைத்தார். வந்தவர்களைத் தன் மெத்தைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் குனிந்து நின்று விளக்கம் சொல்லுவார். "மத்த டிவி மாதிரி இல்ல இது. உள்ளுக்குள்ள ஒரு விளக்கு இரிக்கி. அது படத்தைக் கண்ணாடியில அடிக்கும், கண்ணாடி திருப்பித் திரையில அடிக்கும். பின்னுக்கிருந்து வாற படம். தியேட்டரை மடிச்சு வீட்டுக்குள்ள வெச்ச மாதிரி. ஒரு மூலையில சின்னதா இன்னொரு சனலும் பார்க்கலாம். சத்தத்தைக் கேளுங்க, நெஞ்சுக்குள்ள போகும்." வந்தவர் கதிரையிலிருந்து எழும்ப மனமில்லாமல் எழும்புவார்.

றிஷானா போனபோது ஹாஜியார் வீட்டுக்குள் இல்லை. பெண்கள் படம் ஓடப்போகிறது என்பதால் அவரை முற்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சாலையில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். இடமில்லாமல் இன்னும் நாலைந்து பேர் சுவரோடு நின்றார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் யாரோ மூக்குறிஞ்சும் சத்தம்.

"பஹ்மியா காலையிலிருந்து சாப்பிடல்ல" என்றார் உம்மு குல்சும். கோபம் இல்லை, களைப்புத்தான் குரலில் இருந்தது. "மாப்பிள்ளை வீட்டாக்கள் பின்னேரம் பார்க்க வருவாங்க. நான் இதைப் போடட்டா, வேணாமா? நீயே பார்த்துச் சொல்லு மகள்."

டிஸ்க் ஓடியது. கதவோரம் நின்ற றிஷானா திரையைப் பார்த்தாள்.

இருட்டு. மாலையில் மின்சாரம் போன வீட்டுக்குள் ஆட்கள் நடமாடுவது மாதிரி. அந்த இருட்டுக்குள் பஹ்மியா அகன்று போயிருந்தாள். முகம் தட்டு மாதிரி, கழுத்தே காணோம், மருதோண்டிக் கைகள் இரண்டும் அப்பம் சுடும் சட்டி அளவு.

"எங்கட புள்ளையைப் பூசணிக்காயாக்கி, அதையும் விளக்கில்லாத குசினிக்குள்ள வெச்சிருக்கா" என்றார் அசனா. பாயில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "றிஷானா, குறை நினைக்காத. என்ர மகள்ட கலியாணத்துக்குக் கமரா வேணாம். புள்ளை உள்ள அழகோடயே போகட்டும்."

றிஷானா பாயில் முழங்காலிட்டு இருந்து பார்த்தாள். அதே இருட்டு, இன்னும் கொஞ்சம் கூடவே. மூன்று பெரிய விளக்குகள் பிடித்து எடுத்த படம் அது. விளக்கின் சூட்டில் மணவறைப் பூக்கள் வாடியது அவளுக்கு நினைவிருந்தது. வீட்டுப் பெட்டியில் பார்த்த மினுக்கம் பொய்யா? தன் கண் தனக்கு ஆசை காட்டியதா? எழும்பினாள். எழும்பியதும் தலை சுற்றியது. அவளும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. கைக்கு அகப்பட்ட எதையோ பிடித்து, அதிலேயே இருந்துவிட்டாள்.

"அடியே, அது காக்காட கதிரை!" அசனா பதறினார்.

அந்த வீட்டில் பெண்கள் யாரும் அந்தக் கதிரையில் இருப்பதில்லை. இருக்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. வீட்டுக்காரரும் வெளியிலிருந்து வரும் ஆண்களும் அதில் இருப்பார்கள், பெண்கள் பாயில் இருப்பார்கள், வேலையிருந்தால் நிற்பார்கள். அவ்வளவுதான்.

றிஷானா எழும்பவில்லை. அவளுக்கு அசனாவின் சத்தம் கேட்கவே இல்லை. திரை விடிந்திருந்தது.

யாரோ சன்னலைத் திறந்துவிட்ட மாதிரிப் படம் முழுக்க ஒளி. பஹ்மியாவின் முக்காட்டுச் சரிகை தனித்தனி இழையாகத் தெரிந்தது. றிஷானா மெல்லத் தலையை உயர்த்தினாள், படம் மங்கியது. குனிந்தாள், மங்கியது. கழுத்தை நேராக்கினாள், விடிந்தது.

"மாமி," என்று எழும்பி வழிவிட்டாள், "இதில கொஞ்சம் இருந்து பாருங்களேன்."

"எனக்கென்னத்துக்குக் கதிரை?"

"அல்லாவுக்காக, ஒருக்கா."

உம்மு குல்சும் கதிரை விளிம்பில், பஸ்ஸில் இடம்கொடுத்தவருக்கு மரியாதைக்காக இருப்பது போல இருந்தார். பிறகு பின்னுக்குச் சாய்ந்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது… வேற டிவியா?" என்றார்.

அதன்பிறகு அந்தச் சாலையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல ஏலாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கதிரைக்கு வந்தார்கள். ஒருத்தி மற்றவளின் மடியில் இருந்தாள். அசனா, "தள்ளுங்கடி, என்ர காக்காட கதிரை, எனக்குத்தான் முதல் உரித்து" என்று நெருக்கிக்கொண்டு வந்து இருந்து, பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். குசினியிலிருந்து நீளப் பலகை வாங்கு வந்தது, விறாந்தையிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன, கவிழ்த்த உரல் ஒன்றும் வந்தது. கரையில் இருந்தவர்களுக்கு இன்னும் மங்கல்தான். ஆகவே ஓட்டோவுக்குள் நெருக்கி இருப்பது போல நடுவுக்கு நெருக்கினார்கள்.

"வெளிச்சம் சரி," என்றார் அசனா. விட்டுக்கொடுக்க மனமில்லை. "பூசணிக்காய்க்கு என்ன சொல்லப்போற?"

றிஷானா ரிமோட்டைத் தேடினாள். அது பொலித்தீன் உறைக்குள் இருந்தது. அதை ஹாஜியாரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. உம்மு குல்சும் சாத்திய சன்னலுக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

"என்னங்க! நிக்கிறீங்களா?"

"மாமரத்துக்குக் கீழ நிக்கிறன். பார்க்கல்ல, பார்க்கல்ல! மதிலைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

"முகமெல்லாம் ஏன் இப்பிடி அகலமா இரிக்கி?"

"அகலமா இருக்கத்தானே அகலத் திரை!"

"மாமா," என்றாள் றிஷானா, "அகலத்தைக் குறைக்கிற பொத்தான் ஏதும் இரிக்கா?"

"இரிக்கி. ஆனா அதை அமத்தப்படாது."

"ஏன்?"

"அமத்தினா ரெண்டு பக்கமும் கறுப்புக் கரை வரும். படம் நடுவில சுருங்கிடும். கறுப்புக் கரை பார்க்கவா இம்மாம் பெரிய பெட்டியைக் கடல் தாண்டிக் கொண்டு வந்தனான்?"

"அப்ப உங்கட மகள் பூசணிக்காயாகவே இருக்கட்டுமா?" என்றார் உம்மு குல்சும். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மாமரத்துக்குக் கீழே நின்றவரும் கேட்டிருக்கமாட்டார்.

பிறகு மெதுவாக வந்தது பதில். "கீழ் வரிசையில மூணாவது. ரெண்டு தரம் அமத்துங்க. ஒருக்கா அமத்தினா தலை வெட்டுப்படும்."

ஒருக்கா அமத்தியதும் உண்மையாகவே எல்லோருடைய தலையும் போனது. "யா அல்லா, தலை போச்சு!" என்று சாலை அலறியது. "என்ன, என்ன?" என்று முற்றமும் அலறியது. றிஷானா இரண்டாவது தரம் அமத்தினாள். இரு கரையிலும் கறுப்பு இறங்கியது. நடுவில், தன் அளவான முகத்தோடு, தன் அளவான கழுத்தோடு பஹ்மியா வந்து இருந்தாள். மணவறையில் அவளைச் சுற்றிப் பெண்கள் குரவையிட்டார்கள். பாயிலிருந்தும் வாங்கிலிருந்தும் உரலிலிருந்தும் எழுந்தவர்கள் தாங்களும் சேர்ந்து குரவையிட்டார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கண்கள் வீங்கிய பஹ்மியா வந்து, மறுபடி கதிரைக்கு வந்திருந்த தாயின் பக்கத்தில் கதிரைக் கையில் இருந்தாள். "உம்மா, இது நானா?" என்று கேட்டாள்.

"நீதான். வேற ஆரு?"

"அப்ப டிவியில செய்தி வாசிக்கிற புள்ளையளும் மெலிவா இருப்பாங்களோ?" என்று பாயிலிருந்து ஒருத்தி கேட்க, இத்தனை வருஷமாகப் பார்த்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக மெலியவைத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தபோது சாலையில் பாய் இல்லை. திரைக்கு நேரே மூன்று வரிசைக் கதிரைகள் இருந்தன. தெருவில் கதிரை இருந்த வீடெல்லாம் அன்று வெறும் வீடு. படம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய், "எங்கட பக்கத்துக்கும் இவவையே கூப்பிடலாமே" என்றார். அசனா உடனே, "முதல் எங்கட வீடு. நான் இவவிட்ட எப்பவோ சொல்லிட்டன்" என்றார். சொல்லவேயில்லை. றிஷானா அதைத் திருத்தப் போகவில்லை. அன்றிரவு முனாப்புக்குப் போன் எடுத்து, தையல் மெசின் வேண்டாம் காக்கா, முடிந்தால் இன்னொரு விளக்கு அனுப்புங்கள் என்றாள்.

அசனாவின் மகளுடைய மருதோண்டி நாளில், பூ கட்டிக்கொண்டே பஹ்மியா றிஷானாவிடம் வேறொன்று சொன்னாள். ஹாஜியார் கதிரையில் இருந்து "வெளிச்சத்தைப் பார், வெளிச்சத்தைப் பார்" என்று புகழும்போதெல்லாம், பாயில் இருந்த அவளது தாய்க்கு இருட்டுத்தான் தெரிந்ததாம். தன் கண் மங்குகிறது என்று முடிவு கட்டி, ஒருவருக்கும் சொல்லாமல் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு டவுனில் கண் டொக்டரிடம் போனாராம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னதை, மனம் நோகக்கூடாதென்று மறைக்கிறார் என்றே எடுத்துக்கொண்டாராம். றிஷானா எடுத்த விளையாட்டுப் போட்டியை அவர் பார்த்ததே இல்லை. முழுக்க மங்குவதற்குள் மகளின் கலியாணத்தை ஆசை தீரப் பார்த்துவிடவேண்டும் என்றுதான், அசனாவையும் மீறி, கமரா வைத்திருக்கிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்.