இடப்பக்கம் பரவாத டார்ச்

என் மச்சானை லிஃப்ட் மெக்கானிக்குகள் பூனை என்று கூப்பிடுவார்கள். என் மனைவியின் அண்ணன் அவர். வீட்டில் என்னை "வாங்க மாப்ள, உக்காருங்க" என்று வாய் நிறைய மரியாதையோடு அழைப்பார். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் "டேய் மாப்ள, அந்த ஸ்பேனரை எடுடா" என்பார். பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவருக்கு இப்போது ஐம்பத்தொன்று. கும்மிருட்டில் விழுந்த நட்டை டார்ச் இல்லாமலே தேடி எடுப்பார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். இத்தனை கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்த்த மனிதர், சொந்த வேலையாக எங்கே போனாலும் படியில்தான் ஏறுவார். கேட்டால், "சமையக்காரன் ஹோட்டல்ல போய் சாப்பிட்டுப் பாத்திருக்கியா?" என்பார்.

நான் அவரோடு சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு லிஃப்ட் குழி என்றால் பயம். சேர்ந்த முதல் நாளிலிருந்தே பயம். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று சுவரோரமாகக் கீழே எட்டிப் பார்த்தால் இன்றைக்கும் அந்தப் பயம் வரும். மச்சான் பக்கத்தில் நின்றால் மட்டும் அது அடங்கும். என் முகம் வெளிறுவதைப் பார்த்துவிட்டு, "விழுந்தா நேரா தரைத்தளம்தான்டா, வழியில எங்கயும் நிக்காது" என்பார். நான் சிரித்துவிடுவேன். வேறொருவரோடு ஏறு என்று கம்பெனி சொன்னால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அந்தப் பயத்தில்தான் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய டம்ளரை அவருக்கு இடப்பக்கம் பெட்டிமேல் வைத்திருந்தேன். "எனக்கு டீ எங்கடா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் கையை நீட்டி நெட்டி முறித்தபோது டம்ளர் தட்டுப்பட்டுக் கொட்டியது. அவர் என்னைத்தான் திட்டினார். மறு வாரம் இடப்பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அதற்கு மறுநாள், இடப்பக்கமாக வந்து வணக்கம் சொன்ன வாட்ச்மேனைக் கண்டுகொள்ளாமல் போனார். மச்சான் யாருக்கும் பதில் வணக்கம் வைக்காமல் போகிறவர் அல்ல.

பதினைந்து நாள் சும்மா கவனித்தேன். இடப்பக்கம் நடக்கிற எதுவும் அவர் கண்ணில் படவில்லை. படவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை கண் சோதனை உண்டு. சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள். அதில் கடைசி வரி வரைக்கும் தங்குதடையில்லாமல் வாசித்துவிட்டு, "அடியில இருக்கிற அச்சாபீஸ் பேரையும் படிக்கவா?" என்று கேட்டுவிட்டு வருகிறவர் அவர்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டேன். ஸ்பேனர் தட்டை வலப்பக்கம் மாற்றினேன். படியில் இறங்கும்போது அவர் இடது தோளை ஒட்டியே இறங்கினேன். விஷயம் வெளியே தெரிந்தால் அவரைக் குழிக்குள் விடமாட்டார்கள். ஏதாவது ஒரு கட்டடத்தின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் நான் யாரோடு ஏறுவது? அவருக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. போன மாதம் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் கயிறு சோதனை. கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, மெதுவாக நகரும் பட்டனை அழுத்தி அழுத்தி மேலே போவோம். கூண்டு மேலே போகும்போது இரும்புக் கட்டிகள் அடுக்கிய சட்டம் ஒன்று பக்கச் சுவரை ஒட்டிக் கீழே வரும். நாங்கள் அதை வெயிட் என்போம். அது சத்தமில்லாமல் வரும். வந்தபிறகுதான் காற்று முகத்தில் படும். அதனால் பட்டனை அழுத்துகிறவன் முதலில் "உள்ளயா?" என்று கேட்க வேண்டும். கை, முழங்கை, தலை எல்லாம் கூண்டின் விளிம்புக்குள் இருக்கிறதா என்று மற்றவன் பார்த்துவிட்டு "உள்ள" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் பட்டனைத் தொடக்கூடாது.

அன்றைக்குப் பட்டன் பெட்டியின் வயர் குட்டையாக இருந்ததால் நான் வலப்பக்கம் நிற்க வேண்டியதாகிவிட்டது. "உள்ளயா?" என்றேன். மச்சான் டார்ச்சை இடமும் வலமும் அடித்துப் பார்த்துவிட்டு "உள்ள" என்றார். அழுத்தினேன். ஆறாவது மாடியைத் தாண்டும்போது பார்க்கிறேன், அவருடைய இடது முழங்கை விளிம்புக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து வெயிட் வந்துகொண்டிருக்கிறது. பட்டனை விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம். கூண்டு நின்றபோது வெயிட்டின் அடிப்பாகம் அவர் முழங்கை இருந்த இடத்தில் நின்றது.

மச்சான் எழுந்து உட்கார்ந்து கையிலிருந்த டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டார்ச்சு சரியில்ல மாப்ள. ஒரே இடத்துல குத்துது. பக்கவாட்டுல பரவவே மாட்டேங்குது. நாளைக்கு நல்லதா ஒண்ணு வாங்கணும்."

"ஆமா மச்சான்" என்றேன்.

மறுநாள் காலையில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா கறாரான பேர்வழி. என்ன வேலைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பொருளை எடுப்பார். "தூரமா அடிக்கணுமா, அகலமா அடிக்கணுமா?" என்றார்.

"அகலமா. சுவத்துக்குச் சுவர் தெரியணும்" என்றார் மச்சான்.

கடைக்காரம்மா முதலில் ஒன்று கொடுத்தார். அதை நீளமாக அடிக்கிற ரகம் என்று மச்சான் ஒதுக்கினார், அது சரிதான். இரண்டாவது கொஞ்சம் பரவியது, அவருக்குப் போதவில்லை. மூன்றாவதற்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரம்மா உள்ளே போய் கைப்பிடி வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். முகப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். "அஞ்சாயிரம் லூமென் வெளிச்சம். கடையிலேயே இதுக்கு மேல அகலம் கிடையாது. இங்க வெளிச்சத்துல தெரியாது, கிடங்குக்கு வாங்க."

கிடங்கு ஜன்னல் இல்லாத நீள அறை. இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகள். கதவைச் சாத்தியதும் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. "மாப்ள, நீ என் இடப்பக்கம் சுவத்தோட நில்லு" என்றார் மச்சான். அவர் நேரே பார்த்துக்கொண்டு டார்ச்சைப் போட்டார்.

அறை பகலானது. என் கண் கூசியது. என் சட்டைப் பொத்தானில் இருந்த நான்கு ஓட்டைகளும், செருப்பின் பிய்ந்த வாரும் தெரிந்தன.

"பாத்தியா? இதுவும் பரவல. நீ நிக்கிறியா இல்லையான்னே தெரியல" என்றார் மச்சான்.

கடைக்காரம்மா அவரைப் பார்த்தார், பிறகு வெளிச்சத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "என்னங்க இவரு... உங்க மேலதானே விழுது?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மச்சானிடம் போய் நின்று, "அண்ணே, என் மூக்கையே பாருங்க. கண்ணை அசைக்காதீங்க" என்றார். தன் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினார். "என் கை என்ன செய்யுது?"

"எந்தக் கை?" என்றார் மச்சான்.

மச்சான் மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஆடிக்கொண்டிருந்த விரல்களைக் கண்டார். திரும்ப நேரே பார்த்தார். மறுபடி திருப்பினார். நாலைந்து முறை அப்படிச் செய்தார்.

"டார்ச்சு நான் தரமாட்டேன். கண் டாக்டர்கிட்ட போங்க" என்றார் கடைக்காரம்மா.

மச்சான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். "மாப்ள, எனக்குப் பயமா இருக்குடா" என்றார். பதினேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அவருக்கே பயம் என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தார்கள். உள்ளே புள்ளியாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அறை மூலையில் என்னையும் உட்கார விட்டார்கள். டிக், டிக் என்று கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. வெகுநேரம் கேட்காது. அழுத்துங்க மச்சான், அழுத்துங்க என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பட்டன் அழுத்திய கட்டைவிரல் காத்துக்கொண்டு கிடந்தது.

டாக்டர் காகிதத்தை வைத்துப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம். வலி இருக்காது, ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். குழி வேலை இனி கூடாது.

"எப்பேர்ந்து இப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"ஒரு பத்து நாளா..." என்றார் மச்சான்.

"எட்டு மாசமா சார்" என்றேன் நான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. "அப்பவே வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டார். "இதைவிட நிறைய மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர்.

மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அவர் திட்டட்டும், ஓங்கி ஓர் அறை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர்ச் சுவரையே பார்த்தபடி பேசினார்.

"வீட்டுல எட்டு மாசம்னு சொல்லிராதடா. பத்து நாள்னே இருக்கட்டும். தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டா."

தலையை மட்டும் ஆட்டினேன். நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடப்பக்கம்.

"என்னடா, சரியா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.