கிள்ளானில் இன்காக்களின் பெரட்டு

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடங்களில், கிள்ளானில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். தற்காலிக ஆசிரியையை நிறுத்த ஒரு துண்டுச் சீட்டு போதும். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு அப்படி ஒரு சீட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அதே தெருக்கோடியில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். அங்கிருந்து நான் தினமும் ரயிலில் கிள்ளானுக்குப் போய் வந்தேன். என் வேலையும் போனால் அடுத்த கப்பலில் நாங்கள். போய் இறங்க வேண்டிய ஊரை நானும் தங்கைகளும் பார்த்ததே இல்லை.

கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்ப்பார், அதை வைத்து என்னை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவுசெய்வார் என்று சொல்லப்பட்டது. பாடம், பண்டைய அமெரிக்க நாகரிகங்கள்.

"பெருவா? அங்க ரயில் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"இப்ப இருக்கும்பா. நான் நடத்துறது அதுக்கு ரொம்ப முந்தி."

"ரயில் இல்லாத ஊரப் பத்தி என்னத்த நடத்துவ?" என்று வருத்தப்பட்டார்.

பாடம் என் தேர்வல்ல. தலைமை ஆசிரியை அமெரிக்கர். அவருடைய தங்கை அங்கிருந்து ஒரு புதிய போதனா முறைப் புத்தகம் அனுப்பியிருந்தார். மெக்சிகோ, பெரு நாட்டுப் பழைய நாகரிகங்களைப் பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்றது அது. ஆசிரியர் குறுக்கிடவே கூடாது என்ற வரியைத் தலைமை ஆசிரியை சிவப்புப் பென்சிலால் இரண்டு முறை கோடிட்டிருந்தார். இன்காக்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு குடும்பப் பெருமை இருந்தது. அந்தக் குடும்பத்தை யார் அழித்தார்கள் என்ற அத்தியாயத்துக்குப் புத்தகத்தில் செய்முறை எதுவும் இல்லை.

முதல் வாரம் அந்தக் கண்டத்து உணவுகளை மேசையில் பரப்ப வேண்டும். மிளகாய், தக்காளி, மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை எல்லாவற்றையும் கிள்ளான் சந்தையில், காலைப் பாசாரிலேயே வாங்கிவிட்டேன். கடல் கடந்த அதிசயங்களைப் பார்க்க வந்த பிள்ளைகள் ஏமாந்து போனார்கள்.

"மொளகா அங்கேருந்தா டீச்சர் வந்துச்சு? அதுக்கு முந்தி நம்ம ஆளுங்க கொழம்புக்கு என்ன போட்டாங்க?"

"மிளகு."

"ஐயோ பாவம்."

அடுத்த வாரம் பந்தாட்டம். மெக்சிகோக்காரர்கள் ரப்பர் பந்தை இடுப்பால் தட்டி விளையாடினார்களாம். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் ஒரு கங்காணியின் மகள் வகுப்பில் இருந்தாள். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை அப்பா வேலை செய்யும் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து, தேங்காய் அளவுக்கு ஒரு பந்து உருட்டினாள். அதன் நாற்றம் ஜெப அறை வரை போனதால் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிந்தது. ரப்பர் மரமே அந்தக் கண்டத்திலிருந்துதான் இங்கே வந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அப்ப அந்த ஊரு ஆளுங்களும் காலைல நாலு மணிக்கு எந்திரிக்கணுமா டீச்சர்?"

நான் புத்தகத்தில் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு நாடகம் என்று முடிவாயிற்று. நான் பிள்ளைகளுக்குச் சில உண்மைகளைச் சொன்னேன். இன்கா அரசன் சூரியனின் மகன். குடிமக்கள் எல்லோரையும் எண்ணிக் கணக்கு வைத்திருந்தார்கள். எழுத்து கிடையாது, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கெழுதும் அதிகாரி இருந்தான். எல்லோரும் அரசனின் நிலத்தில் முறை வைத்து உழைத்தார்கள். அனுமதி இல்லாமல் ஒருவரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. மிச்சத்தை நீங்களே கற்பனை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, புத்தகம் சொன்னபடி குறுக்கிடாமல் இருந்தேன். ஒத்திகை பார்க்கப் போகாததுதான் நான் செய்த தவறு. பிள்ளைகள் செய்த தவறு அதைவிட எளியது. தாங்கள் பார்த்த ராஜாங்கத்தையே அவர்கள் கற்பனை செய்தார்கள்.

அன்று முன்வரிசையில் மூன்று நாற்காலிகள். தலைமை ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆங்கிலேய இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. மூன்றாமவர் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு தோட்டத்துத் துரை. அவருக்குத் தமிழ் தெரியும். தோட்ட நிர்வாகி ஆவதற்கு அவர் தமிழில் பரீட்சையே எழுதியிருந்தார்.

திரை விலகியது. பெண்கள் இரண்டு வரிசையாக, கையில் வாளியோடு நின்றார்கள். விடிகாலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு அது. சூரியனின் மகனாக வந்தவள் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகள். அப்பாவின் தக்கைத் தொப்பியில் கோழி இறகு செருகியிருந்தாள். கையில் பிரம்பு. அவள் பக்கத்தில் கிராணி வேடத்தில், முடிச்சுக் கயிற்றோடு இன்னொருத்தி. வரிசைக்கு முன்னால், இடுப்பில் கை வைத்து, கங்காணியாகவே கங்காணியின் மகள்.

முதல் வசனம் ஆங்கிலத்தில் சூரியனை வாழ்த்தியது. சூரியனின் மகன் பேசிய இரண்டாவது வசனத்திலேயே தமிழ் வந்துவிட்டது, அதுவும் துரைமார் பேசும் தமிழ்.

"ஏ, நீ! நேத்து ஏன் வர்ல?"

"காய்ச்சலுங்க தொரைங்களே."

"காய்ச்சலா? பொய் பேசுது. நாக்கு நீட்டு! இவளுக்கு கொக்கோ ஊத்து!"

தோட்டத்தில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து ஊற்றுவதைப்போல ஒருத்தியின் மூக்கைப் பிடித்துக் கொக்கோ ஊற்றினார்கள். கொக்கோ மெக்சிகோக்காரர்களுடையது, இன்காக்களுடையது அல்ல. அந்த நேரத்தில் எனக்குத் தட்டுப்பட்ட பிழை அது ஒன்றுதான்.

"இவ லேட்டுங்க," என்றாள் கங்காணி.

"லேட்டா? அரை நாள் சம்பளம்! அரை முடிச்சு போடு!"

"அரை முடிச்சு எப்படிங்க போடறது?"

"எனக்கு என்னா தெரியும்? நீதானே கிராணி!"

பின்னால் நின்றிருந்த பள்ளி ஆயாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை புன்னகைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டதையெல்லாம் வேகமாகக் குறிப்பெடுத்தார். துரையின் கழுத்து சிவந்தது. அவர் எழுந்தார். நான் கப்பலை நினைத்துக்கொண்டேன்.

"நிறுத்து," என்றார் தமிழில். மேடையில் ஏறினார். "இது தப்பு."

நேராகக் கங்காணியின் மகளிடம் போனார்.

"கங்காணி முன்னாலே நிக்காது. பின்னாலே நிக்கும். ஆள் எண்ணும்போது கிராணி பேசாது. வாளி இடது கை." தானே வாளிகளைக் கை மாற்றி வைத்தார். தான் கேலிக்கு உள்ளானது அவருக்குத் தெரியவில்லை. பெரட்டு ஒழுங்காக நடக்கவில்லை என்பதே அவர் மனக்குறை.

கங்காணியின் மகள் விடவில்லை. "எங்க தோட்டத்துல முன்னாலதாங்க நிப்பாங்க."

"எந்தத் தோட்டம்?"

அவருடைய தோட்டம்தான். எனக்குத் தெரியும், ஆயாக்களுக்குத் தெரியும். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"பெருவுலங்க தொரை."

துரை யோசித்தார். "பெருவா? அங்கே எப்படியோ," என்று சொல்லி இறங்கி வந்து உட்கார்ந்தார்.

நாடகம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் என்னை அழைத்தார். இவ்வளவு நுணுக்கமான நிர்வாக முறையை இதுவரை எந்த நூலிலும் பார்த்ததில்லை, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டைத்தான் நடித்துக் காட்டினார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். தலைமை ஆசிரியையின் மடியில் இருந்த புத்தகத்தைக் காட்டினேன். தலைமை ஆசிரியை அதைப் பெருமையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார். அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நான் நிரந்தரம். அப்பா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். கூடவே ஓர் இணைப்பு இருந்தது. இந்தப் பாடத்தை மற்ற ஆசிரியர்களும் பின்பற்றும்படி நான் விரிவாக எழுதித் தர வேண்டும், இலாகா அதைச் சுற்றறிக்கையாக அனுப்பும். எழுதித் தந்தேன். துரையின் திருத்தங்களையும் சேர்த்தேன்.

அந்த வருடக் கடைசியில் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சியின் சனிக்கிழமை வகுப்புக்கு என்னைப் பேச அழைத்தார்கள். காஜாங்கிலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியர் கை தூக்கினார்.

"இன்காக்கள் தாமதமா வந்தவங்களுக்கு அரை முடிச்சு போட்டாங்கன்னு சொன்னீங்க. இது எங்க மிஸ் இருக்கு?"

"இலாகா சுற்றறிக்கையில இருக்கு," என்றேன்.

அவர் திருப்தியோடு குறித்துக்கொண்டார்.