களவுப் பட்டியலில் அவள் பெயர்

அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் கற்பிட்டிப் பக்கத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். மேசைகள் அடுத்தடுத்து. நான் இந்த ஊர்க்காரி; என் வாப்பாவின் வாப்பாவை அடக்கியதும் இந்த மண்ணில்தான். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் மற்ற வடக்கு முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரேயொரு பையோடு இங்கே வந்து இறங்கியவர்கள். அவள் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். ஆனாலும் ஊருக்குள் அவள் ‘அகதிப் பிள்ளை’தான். யாராவது அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம்.

சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் வசனத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் அவள் ஒரு கடிதத்தையே எழுதி முடித்திருப்பாள். நான் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் வருகிற சனம், “அந்த மிஸ் வரட்டும்” என்று வாங்குப் பலகையில் இருந்துகொள்ளும். என் சொந்த மச்சியே ஒருநாள் என் மேசையைத் தாண்டிப் போய் அவளிடம் படிவம் நிரப்பினாள். அன்று வீட்டில் நான் வைத்த கறியில் உப்பே இல்லை.

மாதாந்தக் கூட்டத்துக்காகக் களவு முறைப்பாடுகளைத் தொகுப்பது என் வேலை. கிராம உத்தியோகத்தர்கள் அனுப்பும் தாளில் முறைப்பாடு கொடுத்தவரின் பெயர் இருக்கும், களவு போன பொருள் இருக்கும். கள்ளன் யார் என்ற கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே வரும். ஒருவரின் வாக்கு வேறு மாவட்டத்தில் பதிந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘வெ’ என்று போடுவோம். வெளியூர் என்று அர்த்தம். நிவாரணம் கொடுத்த காலத்துப் பழக்கம், யாரும் நிறுத்தவில்லை. வந்தவர்களில் பலர் என்றாவது திரும்பிப் போகலாம் என்று வாக்கை இன்னும் வடக்கிலேயே வைத்திருக்கிறார்கள். அவளும் அப்படித்தான்.

அந்த மாதம் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். “களவுக் கேஸ்ல வெளியூராக்கள் எத்தின பேர் எண்டு எனக்குத் தனியா ஒரு பட்டியல் போட்டுத் தாங்க” என்றார். நான் அவசரத்தில் ‘வெ’ போட்ட பெயர்களை எல்லாம் பொறுக்கி எழுதினேன். மேலே ‘களவுச் சம்பவங்களில் தொடர்புடைய வெளியூரார்’ என்று ஒரு தலைப்பும் போட்டேன். பொருளைப் பறிகொடுத்த ஆட்களை எல்லாம் கள்ளர்களாக்கி வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் பிரதி எடுக்கும்போதுதான் உறைத்தது. ஏழாவது வரியில் அவள் பெயர். அவள் வீட்டுக் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டார் களவு போனதற்கு அவளே கொடுத்த முறைப்பாடு. நான் பதறிப்போய்ப் பேனையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பெரியவர், பிரதேச செயலாளர், அறைக்குள் வந்து, எல்லோருக்கும் முன்னால் அவளிடம், “இனி இந்தக் கிளைக்கு நீங்கதான் பொறுப்பு” என்றார். பதினொரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த கதிரை அது. நான் பேனையை மூடினேன். பட்டியலை அப்படியே அனுப்பினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டியலின் பிரதி எல்லோர் கையிலும் இருந்தது. உறுப்பினர் தாளைத் தூக்கிக் காட்டினார். “வந்தாக்கள் கூடக் கூடக் களவும் கூடுது. இது என்ட கதையில்ல. ஒபிஸே தந்த பட்டியல்.” ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கையிலிருந்த பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்தாள். “சேர், அந்தப் பட்டியல்ல ஏழாவது ஆள் நான்தான். என்ட மோட்டர் களவு போனதுக்கு நான்தான் முறைப்பாடு குடுத்த. என்ட மோட்டரை நானே களவெடுத்தனா?”

சிரிப்பு வெடித்தது. அவள் சிரிக்கவில்லை. மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்து, யார் எதைப் பறிகொடுத்தார் என்று சொன்னாள். பட்டியலை யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை. என் பிழை வெளியே வந்ததைவிட, அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்ததுதான் என்னைச் சுட்டது. அதைச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லியிருந்தால் அந்த மண்டபம் என்னைத்தான் பார்த்திருக்கும்.

ஊரெல்லாம் அவள் கதைதான். சோறு தின்னும்போது என்னைக் கட்டிய மாப்பிள்ளைகூட, “அந்தப் புள்ள நறுக்கெண்டு கேட்டிருக்கு” என்றார். நான் பாதியில் எழுந்து கை கழுவினேன்.

பிறகு, அரசாங்க உத்தியோகத்தர் கூட்டத்தில் அரசியல் கதைத்தார் என்று மேலிடத்துக்கு முறைப்பாடு போனது. என்னையும் விசாரித்தார்கள். அவள் குறுக்கிட்டுக் கதைத்தாளா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளைச் சிலாபத்துப் பக்கம் மாற்றினார்கள். கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு விடியவே பஸ் ஏறி, பாலாவியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கிளைப் பொறுப்பு எனக்கு வந்தது.

கடைசி நாள் அலுமாரிச் சாவியைத் தர என் மேசைக்கு வந்தாள்.

“ராத்தா, உங்கட கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீங்க எழும்புவீங்க எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டுதான் இருந்தன். நீங்க எழும்பல்ல. அதான் நான் எழும்பின.”

சாவியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அந்தப் பட்டியலை யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டிருக்கிறார்கள். தேர்தல் கதை வரும்போதெல்லாம் ‘வந்தவர்களின் களவு’ என்று அது திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அவள் பெயரோடு. பிழை என்னுடையது என்று பெரியவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் போதும். பட்டியலைத் திருத்துவார்கள், அவளைத் திருப்பிக் கூப்பிடவும் கூடும். கடிதத்தை இரண்டு தரம் எழுதியும் பார்த்தேன். ஆனால் இனி நான் எதை எழுதினாலும், அவள் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன் என்பார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இன்னும் கொடுக்காமல் இருக்கிறேன்.