சவேரியோ கடையில் சொன்ன ‘யெஸ்’

யோகா சனிக்கிழமை காலை பதினொரு மணியைத் தெரிந்தெடுத்தாள். நகரசபையின் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகச் செவ்வாய், புதனில்தான் கடைகளுக்குப் போவார்கள். அப்போது கூட்டம் இருக்காது. அவளுக்குக் கூட்டம் வேண்டும்.

1979, மெல்பேர்ணின் பிரன்ஸ்விக். சவேரியோவின் இத்தாலியக் கடையில் இன்னும் சலாமி இறைச்சி கூரையிலிருந்து தொங்கியது. ஒலிவ் காய் ஊறும் பீப்பாய் அதே மூலையில் இருந்தது. அவள் அங்கே கடைசியாகக் கால் வைத்துப் பன்னிரண்டு வருடம்.

தகப்பன் தேவராஜா பொறியியலாளர் வேலைக்காகக் குடும்பத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்தபோது அவளுக்குப் பத்து வயது. கடலையும் ரவையும் பெருஞ்சீரகமும் தேடி அலைந்த தாய் பவளத்துக்கு அகப்பட்டது இந்தக் கடைதான். சனிக்கிழமைகளில் யோகாவும் கூடப் போவாள். சவேரியோ சீஸில் மெல்லிசாக ஒரு துண்டு சீவி, கத்தி நுனியில் நீட்டுவார். கிழமை முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை ஒலிவ் பீப்பாய்க்குள் யாரோ சப்பித் துப்பிய கொட்டைகள் மிதந்தன. சவேரியோ யோகாவைச் சுட்டிக்காட்டித் தாயிடம் கேட்டார்.

“உன் பிள்ளைதானே துப்பினது?”

“யெஸ், யெஸ்,” என்றாள் பவளம்.

“ஒவ்வொரு முறையும் இதே வேலையா?”

“யெஸ்.”

பவளத்தின் ஆங்கிலத்தில் யெஸ் என்றால் ஓம். ஓம் என்றால் ‘ஆம்’ மட்டுமில்லை, ‘சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்’ என்றும்தான் பொருள். மற்றச் சொற்கள் எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று யோகா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, தாயே ஒப்புக்கொண்டாயிற்று. சவேரியோ பிள்ளையின் கையிலிருந்த சீஸைப் பறித்துக் குப்பையில் போட்டு, வாசலைக் காட்டினார். வரிசையில் நின்ற ஒருத்தி, “இவர்கள் ஊர்ப் பழக்கம் போல,” என்றாள். சிரித்தார்கள்.

எதற்கு ஓம் சொன்னோம் என்பது பவளத்துக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றோடு கடைகளில் ஆங்கிலம் பேசுவதை விட்டாள். வேண்டியதை விரலால் காட்டுவாள்.

இப்போது யோகா நகரசபைப் பரிசோதகர் என்ற அடையாள அட்டையைக் காட்டினாள். சவேரியோவுக்கு அவளைத் தெரியவில்லை. பழைய கதையைச் சொல்லிப் பார்த்தாள். “எந்தப் பிள்ளை?” என்றார். அவர் நடிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குளிர்பெட்டியில் வெப்பமானியை வைத்தாள். பதினொரு பாகை, இருக்கவேண்டியதைவிடச் சூடு. பீப்பாய்க்கு மூடி இல்லை. வேண்டுமென்றே வேகமாக, அலுவலக ஆங்கிலத்தில் கேட்டாள்.

“மூடி இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“யெஸ், யெஸ்.”

“தெரிந்துகொண்டே இவ்வளவு நாளும் விற்றீர்களா?”

“யெஸ்.” தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

‘கடைக்காரர் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதி, வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

“அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மிஸ். நீங்கள் சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் யோகா. பேனாவை மூடினாள். “பீப்பாயை இப்போதே கொட்டுங்கள்.”

ஒலிவ் காய்கள் முழங்கால் உயரத்துக்குப் பின்முற்றத்தில் குவிந்தன. வாடிக்கையாளர்கள் பின்கதவு வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் கூடைகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவளம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை பேர் நிண்டவை?”

“இருவது பேர் வரும், அம்மா.”

“காணாது. அண்டைக்கு முப்பது பேருக்கு மேல.” பவளம் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “கடையைத் திரும்பவும் பாக்கப் போகோணுமெல்லே?”

“ஓம். வாற கிழமை.”

“சனிக்கிழமையா வை. நானும் வாறன்.”