நடேசனும் தண்ணிக் காலேஜும்

தெலுங்கு நாட்டுப் பட்டாள ஊரான திருமுல்கேரியில் நடேசனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்து மெஸ்ஸுக்குச் சமைக்க வந்தவர். அப்பாவும் அதே மெஸ்ஸில் காய் நறுக்கியே காலத்தை ஓட்டினார். நடேசன் எட்டாவதில் பெயிலாகி, லாரியில் கிளீனராக ஏறி, தட்டுத் தடுமாறி சொந்தமாக ஒரு தண்ணீர் டேங்கர் வாங்கினார். மௌலா அலியில் நிரப்பி, சைனிக்புரி வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது தொழில். வண்டி ஓட்டுவது கூட்டாளி அப்துல் காதர். ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு ஊரைத் திட்டுவது நடேசன்.

திட்ட ஆளுக்கா பஞ்சம்? டேங்கர் தண்ணீரில் காருக்குத் தலைக்குளியல் நடத்தும் ரிட்டையர்டு ஆபீசர். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்காக நீச்சல் குளம் கட்டிவிட்டு, அதை நிரப்ப நடேசனுக்கு போன் போடும் ஐ.டி. கும்பல். எல்லாரும் அவருக்கு இளக்காரம்தான். ஆனாலும் அவர் மனசார, மணக்க மணக்கக் காறித் துப்பியது ஒரே ஒரு இடத்தைத்தான். மகள் ரஞ்சனா படிக்கப் போன இடம் அது.

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகம். அதற்குள்ளே தண்ணீரைப் பற்றி மட்டும் படிக்கவும் ஆராயவும் ஒரு நிறுவனம். ஆப்பிரிக்காவின் பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். ரஞ்சனா அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மருமகன் அச்யுத் அங்கேயே கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். நடேசன் அதற்கு வைத்த பெயர் தண்ணிக் காலேஜ்.

தாகம் எடுத்தால் குடிக்கிற சாமான், அதற்கு ஒரு கட்டடம், அதில் வாத்தியார், அந்த வாத்தியாருக்கு மேலே ஒரு பெரிய வாத்தியார் என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாளைக்குக் காற்றுக்கும் காலேஜ் வைப்பான், மூச்சு விட பரீட்சை எழுதணும் என்பார். நடேசனையும் பாய் என்றே கூப்பிடும் காதர் மட்டும், பாய், உன் பொண்ணு அங்கே கோல்டு மெடல் வாங்கியிருக்காளே என்று இழுப்பார். மெடலைத் தட்டில் போட்டுச் சாப்பிட முடியுமா என்று நடேசன் வாயை அடைத்துவிடுவார்.

ரஞ்சனா அச்யுத்தையும் கூட்டிக்கொண்டு பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. பூர்ணா என்று பெயர் வைத்தார்கள். அதுவரை உலகத்தில் எதையும் மெச்சாத மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தை கொட்டாவி விட்டால் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். தும்மினால் தனக்கே சளி பிடித்த மாதிரி துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. குழந்தைக்குக் கழுத்து நின்றதும் கிளம்பிவிடுவோம் என்று ரஞ்சனா சொல்லியிருந்தாள். பேத்தியைத் தண்ணிக் காலேஜுக்குத் தாரை வார்க்கணுமா? அவருக்கு ஆறவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய கிணறு ஒன்று. தூர்ந்து, அடியில் ஒரு சட்டி தண்ணீர் கிடந்தால் அதிகம். ரஞ்சனா வயிற்றுப் பிள்ளையோடு வந்த புதிதில், மொட்டை மாடி மழைத் தண்ணீர் இறங்கும்படி கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னாள். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டாள். தண்ணீர் எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குது என்று அது தானாகக் குறித்துக்கொள்ளுமாம். எட்டிப் பார்த்தால் தெரியாதா, அதற்கு ஒரு மிஷினா என்று நடேசன் அதற்கும் ஒரு துப்பு துப்பினார்.

அவர்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவள், தீட்டுக் கழிந்ததும், கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்குப் போட்டு, தன் கையால் ஒரு குடம் சேந்தி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இப்போதெல்லாம் குழாய்க்கே பொட்டு வைத்து முடித்துவிடுகிறார்கள். நடேசனின் மனைவி கமலமும் அப்படியே செய்துவிடலாம் என்றாள். நடேசனுக்கு மானப் பிரச்சினை. ஊருக்கே தண்ணீர் ஊற்றுகிறவன் மகள் குழாயடியில் கற்பூரம் காட்டுவதா?

பூஜைக்கு முந்தின நாள் ரஞ்சனா குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போனாள். கமலமும் அச்யுத்தும் கூடவே போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதுமே நடேசன் காதருக்கு போன் போட்டார். இரண்டு நடை. இரண்டு டேங்கர் தண்ணீரும் கிணற்றுக்குள் இறங்கியது.

மறுநாள் ரஞ்சனா வாளியை விட்டாள். தொப்பென்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கமலம் கங்கையம்மா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நடேசன் மீசையைத் தடவிக்கொண்டு, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ரஞ்சனா போனை எடுத்துவிட்டாள். அந்த வாரம் நல்ல மழை பெய்திருந்தது. குழி வேலை செய்கிறது, கிணறு ஊறிவிட்டது என்று அவள் காலேஜுக்குச் சொன்னாள். சாயந்திரமே பதில் வந்தது. அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், ஒரு வருஷம் அங்கேயே இருந்து அந்தக் கிணற்றைக் கவனி.

ஒரு வருஷம்! நடேசன் திறந்த வாயைப் பூட்டிக்கொண்டார்.

பூட்டு வீட்டில்தான். மௌலா அலியில் அவிழ்த்துவிட்டார். நம்ம வண்டித் தண்ணியைப் பார்த்து ஒரு காலேஜே கும்மியடிக்குது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காதருக்குச் சிரிப்பு வரவில்லை. "நக்கோ பாய், வேணாம். பொண்ணோட படிப்புல வெளையாடாதே. இல்லேன்னா வாயை மூடிகினாவது இரு" என்றார்.

இருந்திருக்கலாம். கருவி குறித்துவைத்த கணக்கை ரஞ்சனா அனுப்பிய பிறகு, ஒரு நாள் வீடியோவில் காலேஜ் வந்தது. ஒரு ஹால் நிறையப் பிள்ளைகள். சுவரில் பெரிதாக ஒரு கோடு, செங்குத்தாக ஏறி, பிறகு சரிந்து இறங்கியது. அது தன் வீட்டுக் கிணறு என்று அச்யுத் சொன்னதும் நடேசன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பேராசிரியை அம்மா ஒருத்தி நடுவில் நின்று பேசினாள். கூடவே பிள்ளைகள் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டார்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் நடேசன்.

"இவ்ளோ வேகமா எப்படி ஏறுச்சுன்னு கேக்குறாங்க, மாமா. பாறை வெடிப்பு வழியா வந்திருக்கும்னு அந்தப் பையன் சொல்றான். அடியில பழைய ஓடை இருக்கலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

நடேசன் உதட்டைக் கடித்தார். குழந்தையின் முதுகைத் தட்டினார். இன்னொருவன் எழுந்து வேறு ஏதோ சொன்னான். மழை நாளுக்கும் ஏற்றத்துக்கும் பொருந்தவில்லை என்று பேராசிரியை யோசிப்பதாக அச்யுத் சொன்னான். அத்தனை பேர் மூளையைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க நடேசனுக்குச் சிரிப்பு பொங்கியது. தாங்கவில்லை.

"பாறையும் இல்ல, ஓடையும் இல்ல. மௌலா அலித் தண்ணிடா அது. காதர் ஓட்டிகினு வந்தான், நான் ஊத்துனேன். ரெண்டு வண்டி. இதைக் கண்டுபிடிக்க ஒரு காலேஜு."

ரஞ்சனாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு ஒளிக்காமல் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள்.

பேராசிரியை கோபப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். டேங்கர் எத்தனை லிட்டர்? அப்புறம் ரஞ்சனாவோடு வேகவேகமாகப் பேசினாள். பேசப் பேச ரஞ்சனாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேச்சு முடிந்து திரை அணைந்ததும் அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, இந்தக் கெணத்துல தண்ணி நிக்குதா, மண்ணுக்குள்ள போயிடுதா, எவ்ளோ வேகமா போவுது, அதுதான் எனக்குத் தெரியணும். மழையை நம்பி ஒரு வருஷம் ஒக்காரணும்னு இருந்தேன். நீ அளந்து ஊத்துன தண்ணி எப்படி எறங்குச்சுன்னு மிஷின் குறிச்சு வெச்சிருக்கு. இன்னொரு வாட்டி அதே மாதிரி ஊத்துனா போதும், மேடம் சொல்லிட்டாங்க. அடுத்த மாசமே கெளம்பிடலாம்."

அடுத்த மாசம். நடேசனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"தவளை தன் வாயால கெடும்" என்று சொல்லிவிட்டுக் கமலம் உள்ளே போனாள். அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

சேதி கேட்டதும் காதர், "கைக்கு பாய், ஏன் சொன்னே?" என்று ஒரு தடவைதான் கேட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். இந்த முறை வண்டியை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு போவோம். கணக்கு உதைக்கும். காலேஜ் குழம்பும். பொண்ணு இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பாள்.

நடேசன் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் அதையேதான் யோசித்தார். குழந்தை அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. அவர் மீசையைப் பிடித்து இழுக்கவும் கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஹாலில் நின்ற பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். நடேசன் வண்டியில் தண்ணீர் குறைச்சல் என்று அவர்கள் சுவரில் கோடு போட்டுக் காட்டுவார்கள். சைனிக்புரியில் ஒரு பயல் சொன்னதில்லை, இவர்கள் சொல்லிவிடுவதா?

முதல் வண்டி வந்தபோது ஏறி மூடியைத் திறந்து அவரே பார்த்தார். கழுத்துவரை தண்ணீர் தளும்பியது. ரஞ்சனா கருவியைச் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நடேசன் பேத்தியை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கிணற்றோரம் நின்றார்.

"விடட்டா பாய்?" காதர் வால்வில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

நடேசன் குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

"விடு. ஒரு சொட்டு மிச்சம் வெக்காதே."