பூதத்தைக் கொல்ல மறுத்த பில்லிங் செக்ஷன்

எண்பதுகளின் கடைசி. வில்லியனூரில் உரமும் விதையும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஒரு மெயின் மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்கிரீனும் கீபோர்டும் மட்டும் உள்ள இரண்டு டெர்மினல். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி கூப்பிட்டார்.

"இன்னாம்மா சரளா, ஆசையா வாங்கிப் போட்டேன், ஒருத்தரும் தொட மாட்றாங்க. சம்பா சீசனுக்குள்ள பில்லு இதுல வரணும். இல்லன்னா மெஷினை வித்துடுவேன்."

மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான்.

1. தவறான கட்டளை

பில் போடுகிறவர்கள் இரண்டு பேர். செல்லிப்பட்டு கோவிந்தன் அண்ணன், வசந்தா அக்கா. கீபோர்டைக் கண்டாலே இருவருக்கும் கரண்ட் ஒயரைப் பார்த்த மாதிரி. "தப்பா தட்டினா எல்லாம் அழிஞ்சிடுமே" என்பார் அக்கா.

விரல் பழகட்டும் என்று ஒரு விளையாட்டு புரோகிராம் எழுதினேன். ஒரு மாய நாடு. ஆற்றுத் துறையில் பூதம். கத்தியால் அதைக் கொன்று அக்கரை போனால் ஜெயம். ஒருவர் அடிப்பது மற்றவர் ஸ்கிரீனிலும் தெரியும். அப்போது தமிழ் எழுத்து வராது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவை உட்கார வைத்தேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, 'பூதத்துகிட்ட பேசு' என்று அடித்தார். 'தவறான கட்டளை' என்றது மெஷின்.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? அது ஏன் அங்க குந்திகினு இருக்குதுன்னு கேக்கக் கூடாதா?" எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் ஒதியம்பட்டில் இருந்த வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்தபோது அதே யோசனை. நியாயமான கேள்விதானே?

2. பூதமாக நான்

மறுநாள் புரோகிராமிலிருந்து, பூதத்தைக் கொன்றால்தான் ஜெயம் என்ற முடிவை எடுத்துவிட்டேன். அவர்கள் எதை அடித்தாலும் என் மெஷினுக்கு வரும், பதிலை நானே அடிப்பேன். அக்கா திரும்பக் கேட்டார். 'ராஜா என்னைக் காவலுக்கு வைத்தான். பிறகு மறந்துவிட்டான்' என்றது பூதம்.

"அய்யோ பாவம்" என்று அக்கா வாய்விட்டே சொன்னார்.

அதைக் கேட்டு கோவிந்தன் அண்ணன் அடுத்த டெர்மினலில் உட்கார்ந்தார். 'நான் திருடன். பூதத்த கொன்னுட்டு அக்கரைக்குப் போவேன்.'

'என்னைத் தாண்டிப் போ பாக்கலாம்' என்று அடித்தார் அக்கா.

தினமும் சண்டை. பேச்சே கிடையாது, கீபோர்டு சத்தம் மட்டும்தான். பதில் சொல்லும் அவசரத்தில் பத்து விரலும் தானாக ஓட ஆரம்பித்தன. அண்ணன் ராஜாவின் அரண்மனைக்குள் புகுந்தார். பூதத்தை எல்லாரும் மறந்துபோனதை அங்கே கண்டு, மனம் மாறிக் கட்சி மாறினார். இதில் எதுவும் நான் யோசித்து வைத்ததில்லை.

3. முதலாளி வந்தார்

ஒருநாள் பின்னால் வந்து நின்றார். "இன்னா ஓடுது இங்க?" குனிந்து ஸ்கிரீனைப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து சுத்துக்கேணியிலிருந்து ஒருவர் டிராக்டரோடு யூரியாவுக்கு வந்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். "இதுலயே போடுங்க, பாப்போம்."

விளையாட்டுக்கு நடுவே நான் காட்டிக் கொடுத்திருந்த பில்லிங் ஸ்கிரீனை அக்கா திறந்தார். அண்ணன் பக்கத்து டெர்மினலில் ஸ்டாக்கைக் கழித்தார். பிரின்டர் கரகரத்து, பில் வெளியே வந்தது. ஒரு தப்பு இல்லை.

"பேப்பர்ல அச்சடிக்கிற மாதிரி இருக்குதுபா!" என்றார் டிராக்டர்காரர்.

முதலாளி பில்லை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செரி, அந்த பூதத்த இன்னா பண்ணப் போறீங்க?"

"ராஜாவ எறக்கிட்டு அத ஒக்கார வெக்கப் போறோம், முதலாளி" என்றார் அண்ணன்.

பூதம் பட்டம் கட்டிக்கொண்ட அன்று ஆபீஸ் முழுக்கக் கைதட்டல். சம்பா சீசனில் கவுன்டரில் கூட்டம் தேங்கவே இல்லை. மூன்றாவது டெர்மினலும் வந்தது.

புரோகிராம் எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடிவை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். அடுத்து அவர்கள் என்ன அடிக்கப்போகிறார்கள் என்று தெரியாமல் ஸ்கிரீனையே பார்த்துக் காத்திருந்தேனே, அப்போதுதான் நான் புரோகிராமர் ஆனேன்.